ஒரு சொல்லகராதியும் பதினைந்தாயிரம் கமெண்டுகளும்

ஆய்வு மாநாட்டு அறிவிப்புகளை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. படிக்கலாம் என்பது என் கட்சி. ஒரு சிற்றிதழின் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்தாலே அந்த இதழுக்கு எது கவிதை, எது கவிதை இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம் இல்லையா? இதுவும் அப்படித்தான். "இந்த ஆண்டு இந்தத் தலைப்புகளில் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன" என்று ஒரு மாநாடு பட்டியல் போடும்போது, தமிழை அது என்னவாக நினைக்கிறது, தமிழ் பேசுகிறவரை யாராக நினைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

நான் எடுத்துக்கொள்வது இரண்டு பட்டறைகளை. ஒன்று, திராவிட மொழிகளுக்கான பேச்சு மற்றும் மொழித் தொழில்நுட்பப் பட்டறை. 'திராவிடியன்லாங்டெக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்னொன்று, சமத்துவம், பன்மைத்துவம் ஆகியவற்றுக்கான மொழித் தொழில்நுட்பப் பட்டறை, 'எல்டி-இடிஐ'. இரண்டும் 2021இல் தொடங்கியவை. முதல் வருடம் கொரோனா காரணமாக ஆன்லைனில். 2022இல் டப்ளின், 2023இல் பல்கேரியாவின் வர்ணா, 2024இல் மால்டா. கணினி மொழியியலின் பெரிய மாநாடுகள் எங்கே நடக்கிறதோ அங்கே ஓர் அறையில் இவை நடக்கும். தமிழ்க் கமெண்டுகளில் இருக்கும் வசவுகளைப் பற்றி மால்டா தீவில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆய்வு உலகம் அப்படித்தான் இயங்குகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றித் தமிழில் வரும் எழுத்து பெரும்பாலும் இரண்டு வகை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று, 'தமிழுக்கும் வந்துவிட்டது' என்ற பெருமை இன்னொன்று. நடுவில் ஒன்று விட்டுப்போகிறது: அந்தத் தமிழ் யாருடைய தமிழ்?

1

கொஞ்சம் பின்னால் போகலாம். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலும், 1999இல் சென்னையில் நடந்ததிலும் பேசப்பட்ட முக்கியப் பிரச்சினை எழுத்துருவும் விசைப்பலகையும். என் கணினியில் அடித்த தமிழ் உன் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்? தமிழ்நெட்99 விசைப்பலகை அந்தச் சூழலில் வந்ததுதான். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றபோது அந்தக் கதையின் பெரிய அத்தியாயம் ஒன்று முடிந்தது.

2021க்குப் பிறகு வந்த தலைப்புகளைப் பாருங்கள். உணர்வுப் பகுப்பாய்வு. புண்படுத்தும் மொழியைக் கண்டறிதல். தமிழ் டிரோல் மீம்களை வகைப்படுத்துதல். நம்பிக்கைப் பேச்சைக் கண்டறிதல். தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் மீதான வெறுப்பைக் கண்டறிதல். சாதி, இடப்பெயர்வு சார்ந்த வெறுப்புப் பேச்சைக் கண்டறிதல்.

இருபத்தைந்து வருடத்தில் கேள்வியே மாறிவிட்டது. அப்போது 'தமிழை எப்படிக் காட்டுவது' என்று கேட்டோம். இப்போது 'இந்தத் தமிழ் நல்லதா கெட்டதா' என்று இயந்திரத்தைக் கேட்கிறோம். எழுத்தரிடம் இருந்த வேலை நீதிபதியிடம் போய்விட்ட மாதிரி. எழுத்துருவில் பிழை வந்தால் கட்டம் தெரியும், எல்லோருக்கும் புரியும். தீர்ப்பில் பிழை வந்தால் வெளியே தெரியாது. ஒரு கமெண்ட் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பட்டறைகளின் முதுகெலும்பு 'பொதுப்பணி' எனப்படும் போட்டி. அமைப்பாளர்கள் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிடுவார்கள். அணிகள் அதை வைத்து மாதிரிகளைப் பயிற்றுவித்து விடைகளை அனுப்பும். மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு அணியும் ஒரு சின்னக் கட்டுரை எழுதலாம். நம்ம ஊர் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலருக்கு முதல் ஆய்வுக் கட்டுரை இப்படித்தான் வந்திருக்கிறது. ஐஐடி கிடைக்காதவனுக்கும் உலக மாநாட்டுத் தொகுப்பில் பெயர் வர வழி செய்தது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் விமர்சனத்துக்குள் நுழைவது அநியாயம்.

2

இந்த வரிசையில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது பட்டறைகளுக்கு ஒரு வருடம் முன்னால் வந்த ஒரு தரவுத்தொகுப்பை. 2020இல் பாரதி ராஜா சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 யூடியூப் கமெண்டுகள். சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே நம்மாட்கள் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை: நேர்மறை, எதிர்மறை, கலவையான உணர்வு, எதுவென்று தெரியாதது, தமிழே இல்லை.

முதலில் இதன் துணிச்சலைச் சொல்ல வேண்டும். தமிழ் ஆய்வுலகம் 'தங்கிலீஷ்' என்று முகம் சுளித்து ஒதுக்கிய ஒன்றை, 'இதுதான் இன்றைக்கு எழுதப்படும் தமிழ், இதைப் படிக்கத் தெரியாத கருவிக்குத் தமிழ் தெரியாது' என்று எடுத்து வைத்த வேலை இது. ரோமன் எழுத்தில் அடிக்கப்பட்ட 'வேற லெவல் தலைவா'வையும் தமிழாக ஏற்றுக்கொண்டது. பல தமிழ்த்துறைகள் செய்யத் தயங்கியதை இவர்கள் செய்தார்கள்.

இப்போது எண்களைப் பார்ப்போம். நேர்மறை 10,559. எதிர்மறை 2,037. கலவை 1,801. தெரியாதது 850. தமிழல்லாதது 497. அதாவது மூன்றில் இரண்டு பங்கு நேர்மறை. எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'நேர்மறை' என்று சொல்லும் ஒரு நிரல் எழுதினால் 67 சதவீதம் சரியாக வரும்! ஒரே ஒரு வரி போதும். ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் வெறும் துல்லியத்தை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடும் அளவைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு வேறு கேள்வி. ஏன் மூன்றில் இரண்டு பங்கு நேர்மறை? ஏனென்றால் டிரெய்லருக்குக் கீழே வருபவன் ரசிகன். அவன் கருத்துச் சொல்ல வரவில்லை, ஆரத்தி எடுக்க வந்திருக்கிறான். அங்கே 'மரண மாஸ்' என்றால் மரணம் இல்லை, 'வெறித்தனம்' என்றால் வெறி இல்லை. இந்த மொழி தமிழின் ஒரு தெரு. அருமையான தெரு, நானும் அதில் நடந்திருக்கிறேன். ஆனால் கட்டுரையின் தலைப்பிலும், பிறகு அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகளிலும் அந்தத் தெரு 'தமிழ்-ஆங்கிலக் கலப்பு மொழி' என்று ஊர்ப்பெயர் வாங்கிக்கொள்கிறது.

இது யாருடைய தவறும் இல்லை. எது எளிதாகக் கிடைக்கிறதோ அதுவே தரவாகிறது, தரவு இருக்கிற இடத்தில் தலைப்பு முளைக்கிறது. யூடியூப் கமெண்டுகளை நிரல் எழுதி ஒரு ராத்திரியில் எடுத்துவிடலாம். முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கும் பெண்கள் பேசுவதை அப்படி எடுக்க முடியாது. மாநாட்டின் கடைசித் தேதி சில மாதங்களில் வந்துவிடும். ஆகவே தலைப்புப் பட்டியல் என்பது தமிழின் தேவைகளுடைய பட்டியல் என்பதைவிட, தமிழில் கைக்கெட்டியவற்றின் பட்டியல்.

அந்த 'கலவையான உணர்வு' வகையைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1,801 கமெண்டுகள். இலக்கியம் படிக்கிற நமக்கு இதுதான் வீடு. ஒரு வாக்கியத்தை நான்கு பேர் நான்கு விதமாக வாசிப்பதை நாம் வளம் என்போம். முத்திரை குத்தும் வேலையில் அது தலைவலி. இருவர் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொருவரிடம் போகும், கடைசியில் பெரும்பான்மை எதுவோ அதுவே 'தங்கத் தரம்'. மாற்றி வாசித்தவரின் வாசிப்பு கோப்பிலிருந்தே போய்விடும். வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 'செம்இவால்' என்ற சர்வதேசப் போட்டித் தொடரில் 2021லும் 2023லும், கருத்து வேறுபாட்டை அழிக்காமல் அதிலிருந்தே கற்பது என்று தனிப் பணியே வைத்தார்கள். தமிழ்த் தரவுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். ஒரு கமெண்ட் வசவா செல்லமா என்பதில் மதுரைக்காரரும் சென்னைக்காரரும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த முரண்தான் நமக்குக் கிடைத்த தகவல்.

3

2022 எல்டி-இடிஐ பட்டறையில் ஒரு தலைப்பு இருந்தது: எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் தமிழ்ப் பேச்சை உணர்தல். முதியவர்கள், திருநர்கள். மருத்துவமனை, சந்தை, காய்கறிக்கடை போன்ற இடங்களில் அவர்கள் இயல்பாகப் பேசியதைப் பதிவு செய்து போட்டிக்குக் கொடுத்தார்கள். இந்தப் பட்டியல் முழுவதிலும் எனக்குப் பிடித்த தலைப்பு இதுதான். ஏனென்றால் இது பேச்சை எடைபோடப் பார்க்கவில்லை. வங்கிக்குப் போகிற ஒரு பாட்டி சொல்வதை இயந்திரம் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கிறதா என்று பார்த்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

ஆனால் இங்கேயும் ஒரு அளவுகோல் பிரச்சினை இருக்கிறது. போட்டியின் மதிப்பீடு 'வார்த்தைப் பிழை விகிதம்'. கணக்கு எளிது. சரியான எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, இயந்திரம் மாற்றிப்போட்ட, விட்டுவிட்ட, கூடுதலாகச் சேர்த்த சொற்களை எண்ணி, மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும். தமிழில் ஒரு எழுத்து மாறினாலும் விகுதியெல்லாம் ஒட்டிய ஒரு நீளச் சொல் முழுதாகத் தவறாகிவிடும்.

எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம். முத்தாண்டிக்குப்பம் நெய்வேலிக்குப் பக்கத்தில் பண்ருட்டி வட்டாரத்தில் இருக்கிறது. செம்மண், முந்திரி, பலா. அங்கே ஒரு ஆயா (எங்களுக்கு ஆயா என்றால் பாட்டி) "நான் வூட்டுக்கு போயிட்டு வரேன்" என்கிறார். எழுத்தாக்கம் செய்பவர் பள்ளிக்கூடத் தமிழ்ப் பழக்கத்தில் "நான் வீட்டுக்கு போய்விட்டு வருகிறேன்" என்று எழுதி வைக்கிறார். இயந்திரம் ஆயா சொன்னதை அட்சரம் பிசகாமல் "வூட்டுக்கு போயிட்டு வரேன்" என்று எழுதினால் அதற்கு என்ன மதிப்பெண்? நான்கு சொல்லில் மூன்று தவறு. பிழை விகிதம் 75 சதவீதம். நன்றாகக் கேட்ட இயந்திரத்துக்குத் தண்டனை, திருத்திச் சொன்ன இயந்திரத்துக்குப் பரிசு. வகுப்பில் 'வூடு' என்று சொல்லி அடி வாங்கிய பிள்ளைகளுக்கு இந்த மதிப்பீட்டு முறை பழக்கமானதுதான்.

எழுத்து சரியாக வந்தாலும் பொருள் தப்பலாம். "கொல்லைக்குப் போயிட்டு வரேன்." எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் புன்செய் நிலம். வேலைக்குப் போகிறார். தமிழகத்தின் வேறு சில பக்கங்களில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம், கொல்லைக்குப் போவது என்றால் வேறு. ஒரு மருத்துவமனைச் செயலி இந்த வாக்கியத்தை மொழிபெயர்த்து, "நாளைக்கு நாலு தரம் கொல்லைக்குப் போறேன்" என்பதை வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டால் சிரிப்பதா அழுவதா?

பேச்சுத் தரவில் பெரிய முயற்சிகள் நடக்காமல் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் 2024இல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணிநேரப் பேச்சு என்ற அளவில் வந்தது. அதில் வெறுமனே வாசித்தது 9 சதவீதம்தான், பெரும்பகுதி தன்னியல்பாகப் பேசியது. அசலான வேலை. அப்படியும் மாவட்டம் என்ற அலகு போதுமா என்பது என் சந்தேகம். கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரு பொதுத்தமிழ் பேசுவார்கள். வட்டத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் நிலக்கடலை 'மல்லாட்டை' ஆகிவிடும். மாவட்டக் கட்டத்தில் இருவருக்கும் ஒரே டிக்.

4

மல்லாட்டை என்றதும் நினைவுக்கு வருவது கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'. 2007இல் வந்தது. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர், நாவலாசிரியர். இந்த வட்டாரத்தின் சொற்களைத் தனி ஒருவராகத் திரட்டினார். அதற்கு முன்னோடி கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்த வழக்குச் சொல்லகராதி, 1982.

என் பார்வையில் இவையும் தரவுத்தொகுப்புகள்தான். ஒப்பிட்டுப் பார்க்க நியாயம் இருக்கிறது. சொல்லகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலாசம் உண்டு. சேகரித்தவர் யார் என்று தெரியும். அவர் அந்தச் சொல்லோடு வளர்ந்தவர், தப்பாகப் பொருள் போட்டால் ஊரில் கேட்பார்கள். கமெண்டுத் தொகுப்பில் எழுதியவருக்கு முகம் இல்லை, எந்த ஊர் என்று இல்லை, முத்திரை குத்தியவரும் ஒரு எண்.

ஆனால் அகராதிக்கு விழா எடுத்துவிட்டுப் போவதும் சரியில்லை. அகராதி சொல்லைத் தருகிறது, ஆயிரம் பேர் வாயில் அது எப்படி உருண்டது என்பதைத் தராது. ஒலி இல்லை. ஒரு மனிதரின் காதுக்கு எட்டியதுதான் எல்லை. அவருடைய சாதி, பால், தொழில் எதைக் கேட்க விட்டதோ அதுதான் உள்ளே வரும். பெரிய தரவு இந்த எல்லைகளைத் தாண்டும் என்பது வெறும் பேச்சு இல்லை. அதனால் நான் சொல்வது இதற்குப் பதில் அது என்பதல்ல. பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு ஆள் கடைப்பிடித்த ஒழுங்கு, சர்வர்களோடு வேலை செய்யும் நமக்கு ஏன் கைவரவில்லை என்று கேட்கிறேன். இது ஆங்கில உலகில் எழாத கேள்வியும் இல்லை. 2018இல் எமிலி பெண்டரும் பாட்யா ஃப்ரீட்மனும், ஒவ்வொரு மொழித் தரவோடும் அது யாருடைய பேச்சு, எந்த ஊர், எந்த வயது, முத்திரை குத்தியவர் யார் என்று ஓர் அறிக்கை இணைக்கப்பட வேண்டும் என்று எழுதினார்கள். நம் வட்டார அகராதிக்காரர்கள் முன்னுரையில் தானாகவே எழுதிவைத்த விஷயம் அது.

5

இதெல்லாம் மொழி ஆசை மட்டும் என்றால் இவ்வளவு நீளம் எழுதத் தேவையில்லை. 2024இல் வந்த தலைப்புக்கு வருவோம்: சாதி மற்றும் இடப்பெயர்வு சார்ந்த வெறுப்புப் பேச்சு, தமிழில்.

இந்தத் தலைப்பு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, போலீஸ் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. வேலைக்கு வந்தவர்கள் பயந்தார்கள். சாதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எந்தக் கமெண்ட் பெட்டியும் சாட்சி. மாநாட்டுத் தலைப்புகளில் 'சாதி' என்ற சொல் வந்ததே ஒரு முன்னேற்றம். மேற்கத்திய வெறுப்புப் பேச்சு ஆய்வில் அதற்கு நீண்ட காலம் இடமே இல்லை.

சிக்கல் பெட்டிகளில் இருக்கிறது. பணி இரண்டே விடை கேட்டது: சாதி அல்லது இடப்பெயர்வு சார்ந்த வெறுப்பு, ஆம் அல்லது இல்லை. நெய்வேலிப் பக்கத்தில் கேட்கக்கூடிய மூன்று வாக்கியங்களை, நானே எழுதிய உதாரணங்கள்தான், இதில் போட்டுப் பார்ப்போம்.

ஒன்று: "மண்ணைக் குடுத்த நாங்க வெளிய நிக்கிறோம், வெளியூர்க்காரன் உள்ள போறான்."

இரண்டு: "இவனுங்களை எல்லாம் ரயிலேத்தி விரட்டணும்."

மூன்று: "நாங்க ஆண்ட பரம்பரைடா."

இரண்டாவது வெறுப்பு, சந்தேகமில்லை. முதலாவது என்ன? நெய்வேலியில் சுரங்கத்துக்காக 1950களிலிருந்து நிலம் எடுக்கப்பட்டு வருகிறது. ஊர்களே இடம்பெயர்ந்தன. கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' நாவலே அதைப் பற்றியதுதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வேலைக்காக நெல் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது, நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தியது என்றது நிர்வாகம், பயிர் எங்களது என்றார்கள் விவசாயிகள். இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு முதல் வாக்கியம் ஒரு உரிமைக் குரல். தெரியாதவருக்கு அது 'வெளியூர்க்காரன் மீதான வெறுப்பு'. இதில் கசப்பு என்னவென்றால், அந்த வாக்கியத்தைப் பேசுகிறவரும் இடம்பெயர்ந்தவர்தான். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர். 'இடப்பெயர்வு' என்ற தலைப்பு அவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்காமல், குற்றம் சாட்டப்பட்டவராக மட்டும் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

சரி, முதல் வாக்கியம் எப்போதும் நியாயம்தானா? இல்லை. அதே வாக்கியம் வேறு ஒரு வாயில், வேறு ஒரு நாளில், இரண்டாவது வாக்கியத்துக்கான வாசலாக மாறும். அதனால்தான் வாக்கியத்தைத் தனியாக அறுத்தெடுத்து முத்திரை குத்துவது ஆபத்து. மூன்றாவதைப் பாருங்கள். அதில் ஒரு வசவுச் சொல் கூடக் கிடையாது. யாரையும் திட்டவில்லை, 'பெருமை'தான். ஆனால் எந்தச் சேரிக்குப் பக்கத்தில் நின்று அது சொல்லப்படுகிறது என்று தெரிந்தவருக்கு அது மிரட்டல். தமிழ்நாட்டின் சாதி பெரும்பாலும் தற்பெருமையின் இலக்கணத்தில்தான் பேசும். வசவைத் தேடும் கருவிக்கு அது அகப்படாது.

இன்றைய பரிசோதனைப் பணிதான் நாளைய வடிகட்டி. போட்டியில் முதலிடம் வந்த மாதிரியை யாரோ எடுத்துத் தங்கள் தளத்தில் மாட்டுவார்கள். அப்போது நிலம் கொடுத்தவரின் வாக்கியம் மறைந்து, ஆண்ட பரம்பரை பத்திரமாக நிற்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது மதிப்பெண் விவகாரம் இல்லை.

6

என்ன செய்யலாம்? பெரிய பிரகடனம் எதுவும் என்னிடம் இல்லை. நடைமுறையில் முடிகிற மூன்று விஷயங்கள்.

எழுத்தாக்கம் இரண்டு வரியாக இருக்கட்டும்: பேசியது பேசியபடி ஒன்று, பொதுத்தமிழில் ஒன்று. இயந்திரத்தை முதல் வரியோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். முத்திரைகளில் பெரும்பான்மையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டாம், ஒவ்வொருவர் சொன்னதும் கோப்பில் இருக்கட்டும். வெறுப்புப் பேச்சுத் தரவில் சாதியையும் இடப்பெயர்வையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதற்கு ஒரு பத்தியும், குறைந்தது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு முத்திரையாளரும் இருக்கட்டும்.

இதற்குக் கூடுதல் ஜிபியு தேவையில்லை, கூடுதல் நேரம்தான் தேவை. மாநாட்டுக் காலண்டர் அந்த நேரத்தைத் தராது. அதை நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் யாராவது இருப்பீர்கள். இருக்கிற தொகுப்பை இறக்கிப் புது மாதிரி ஒன்றை ஓட்டி ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினால் கட்டுரை வந்துவிடும், தப்பில்லை. அதைச் செய்துவிட்டு, உங்கள் ஊரில் நிலத்துக்கு என்ன பெயர், கடலைக்கு என்ன பெயர், திட்டுகிற மாதிரியே கொஞ்சுகிற சொற்கள் எவை என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு ஒரு மணிநேரம் பதிவு செய்யுங்கள். பேசியது பேசியபடி எழுதுங்கள். யார் பேசியது, எந்த ஊர், யார் எழுதியது என்று மேலே குறித்து வையுங்கள். ஒரு மணிநேரம் என்பது சின்ன அளவுதான். ஆனால் 'வூடு' என்பதைத் திருத்தாமல் எழுதிய ஒரு மணிநேரம் அது.